"இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரா?" - சிம்ப்யூட்டர், பாஸ், ஆகாஷ்: மூன்று மதிப்புரைகளுக்குத் தாமதமான பதில்

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் 'பார்ஓஎஸ்' என்ற மொபைல் இயங்குதளத்தை அறிமுகம் செய்தார்கள். அடுத்த சில நாளில் ரெண்டு மத்திய அமைச்சர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் படங்கள் வந்தன. அதற்குள்ளாகவே தீர்ப்பும் வந்துவிட்டது: "இது ஆண்ட்ராய்டுதானே? பேரை மாத்தி ஒட்டியிருக்காங்க." என் நண்பர்கள் வட்டத்தில் ஒருவர்கூட அந்த இயங்குதளத்தை ஒரு போனில் போட்டுப் பார்த்தவர் இல்லை. நானும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கருத்து இருந்தது.

அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்பதைக் கடைசியில் பார்ப்போம். எனக்கு உறுத்தியது வேற ஒன்று. இதே வாக்கியத்தை நான் இதுக்கு முன்னாடி மூணு தடவை கேட்டிருக்கேன். 2004-ல் சிம்ப்யூட்டருக்கு, 2007-க்குப் பிறகு பாஸ் லினக்ஸுக்கு, 2011-ல் ஆகாஷ் டேப்லெட்டுக்கு. மூணு தடவையும் நான் கேலி பண்ணுகிறவர்கள் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டுரை அதனால் ஒரு வரலாற்றுக் குறிப்பும், கொஞ்சம் பிராயச்சித்தமும்.

சிம்ப்யூட்டர்: ஒரு ஊருக்கு ஒரு கருவி

கதை 1998-ல் பெங்களூரில் தொடங்குகிறது. கிராமத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் எப்படிப் போகும் என்று பேச ஒரு கருத்தரங்கம். அங்கே எழுந்த யோசனையை இந்திய அறிவியல் கழகத்தின் கணினித்துறைப் பேராசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து கையில் எடுத்தார்கள். விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர் கழகத்தின் பக்கம். 'சிம்ப்யூட்டர் டிரஸ்ட்' அமைந்தது. 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவி வெளியானது.

உள்ளங்கையில் அடங்கும் கருவி. கீபோர்டு கிடையாது, திரையை ஒரு குச்சியால் தொட்டு வேலை செய்யணும். உள்ளே லினக்ஸ் இயங்குதளம். படிக்கத் தெரியாதவர்களுக்காக எழுத்தைப் பேச்சாக மாற்றும் 'த்வனி' என்ற மென்பொருள். இதோட ஒரு ஸ்மார்ட் கார்டு செருகும் இடம்.

இந்த ஸ்மார்ட் கார்டுதான் அதில் முக்கியமான யோசனை. கருவியின் இலக்கு விலை சுமார் 9,000 ரூபாய். அன்றைக்கு ஒரு விவசாயக் கூலிக்கு அது எட்டாத காசு என்று அவர்களுக்கே தெரியும். அதனால் கருவி பஞ்சாயத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஒரு கடைக்கோ சொந்தம். கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. கார்டைச் செருகினால் அது உங்க கருவி, உருவினால் அடுத்தவர் கருவி. கணினி என்றால் 'தனியாளுக்கானது' என்று உலகமே முடிவு பண்ணியிருந்த நேரத்தில், பொதுக்கிணறு மாதிரி ஒரு கணினியை இவர்கள் கற்பனை செய்தார்கள். வன்பொருள் வடிவமைப்பையும் பூட்டி வைக்கவில்லை. யார் வேணும்னாலும் எடுத்து மேம்படுத்தலாம், மேம்படுத்தியதைப் பிறகு பகிர்ந்துகொள்ளணும் என்கிற மாதிரி அதற்கென்றே ஓர் உரிமம் எழுதினார்கள்.

2004 மார்ச்சில் பிகோபீட்டா என்ற நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து 'அமிடா' என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கறுப்பு-வெள்ளைத் திரை மாதிரி சுமார் 10,000 ரூபாய். வண்ணத்திரை அதைப்போல ரெண்டு மடங்கு. கருவியை அசைத்தால் புரிந்துகொள்ளும் உணரி அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூணு வருஷம் இருந்தது.

மதிப்புரைகள் என்ன சொல்லின? இந்தக் காசுக்கு பாம் கருவி வாங்கலாம், அது பளிச்சென்று இருக்கும், வேகமா ஓடும். இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய மேசைக் கணினியே வாங்கிடலாம். ஏழைக்கான கருவி என்றீர்கள், எந்த ஏழை 10,000 ரூபாய் கொடுப்பார்?

கடைசிக் கேள்வியைப் பாருங்க. பதில் அந்தக் கருவியின் பக்கவாட்டிலேயே இருந்தது, கார்டு செருகும் இடத்தில். ஆனால் மதிப்புரை எழுதினவர்கள் அதைத் தனியாளாக மேசையில் வைத்து, ஒரு மேலாளர் தன் நாட்குறிப்பை வைத்துக்கொள்ளும் கருவியாகப் பரிசோதித்தார்கள். விற்கிறவர்களும் அதற்கு இடம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லணும். கடைக்கு வந்த அமிடா, நகரத்து வாடிக்கையாளரைத்தான் கண்ணால் தேடியது.

50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில ஆயிரங்களோடு நின்றது, 4,000 சொச்சம். கர்நாடகத்தில் நிலப்பதிவேட்டு வேலைக்கும், சத்தீஸ்கரில் பள்ளிக்கூடங்களிலும் சோதனையாகப் பயன்படுத்தினார்கள். அதோடு சரி.

"மோசமான கருவி, அதான் விற்கல" என்றுதான் நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது வேற காரணம் தெரிந்தது. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்கு மொபைல் போன் கொடுத்தது. அடுத்த ரெண்டு மூணு வருஷத்தில் பேசும் கட்டணம் மளமளவென்று சரிந்தது. கிராமத்தில் தகவல் கேட்க ஒருத்தருக்கு எழுத்தும் வேண்டாம், திரையும் வேண்டாம். மண்டியில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டால் போதும் என்றானது. சிம்ப்யூட்டரைத் தோற்கடித்தது பாம் கருவியோ மேசைக் கணினியோ கிடையாது. எந்த மதிப்புரையும் ஒப்பிட்டுப் பார்க்காத ஒரு பொருள்.

பாஸ்: குரோம்பேட்டையில் ஒரு வேர்

அடுத்தது நம்ம ஊர்க் கதை. 2005-ல் சுதந்திர மென்பொருளுக்கான தேசிய வள மையம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. பொறுப்பு ரெண்டு பேருக்கு: சென்னை சி-டாக், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கிற ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம். 1949-ல் சி. ராஜம் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது அது பழைய செங்கல்பட்டு ஜில்லா. நடுவில் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29-க்குப் பிறகு மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்திய இயங்குதளம் ஒன்றின் வேரில் பாதி இங்கே இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நானே அந்த வழியா நூறு தடவை மின்சார ரயிலில் போயிருக்கேன்.

அந்த முயற்சியில் சி-டாக் உருவாக்கியதுதான் 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்', சுருக்கமாக பாஸ். முதல் பதிப்பு 'தரங்' 2007 ஜனவரியில் வந்தது. டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து, இந்திய மொழிகளில் மெனுவும் எழுத்துருவும் உள்ளீடும் சேர்த்தது.

விமர்சனம் உடனே வந்தது. "இது டெபியன்தானே? சுவர்ப்படத்தை மாத்திட்டு இந்திய ஓஎஸ்ங்கிறாங்க." உண்மைதான், டெபியன்தான். உபுண்டுவும் டெபியன்தான். டெபியனே லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதின கருவையும் குனு திட்டத்தின் கருவிகளையும் எடுத்துக் கட்டியதுதான். சுதந்திர மென்பொருளில் இப்படித்தான் வேலை நடக்கும். அதைக் குற்றமாகச் சொல்வது, தறியைச் சொந்தமாகச் செய்யாததால் இது காஞ்சிபுரம் பட்டு இல்லை என்று சொல்கிற மாதிரி. கேட்க வேண்டிய கேள்வி, மேலே என்ன நெய்தார்கள் என்பது.

அந்தக் காலத்துக்கு அது சின்ன வேலை இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரியணும்னா குறுந்தகட்டைப் போட்டு, மொழி அமைப்புகளில் நுழைந்து, தனியா ஒரு தொகுப்பை நிறுவணும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். 1999-ல் தமிழக அரசு தரமாக ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அன்றைய விண்டோஸில் உள்ளபடியே கிடையாது. வெளியிலிருந்து இ-கலப்பை மாதிரி ஒன்றை இறக்கிப் போடணும். லினக்ஸில் அமைப்புகளில் தேர்ந்தெடுத்தாலே போதும். மெனுவே தமிழில் வந்தது. சில சொற்கள் கரடுமுரடாக இருந்தன, சில இடத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் இருந்தது.

நான் அழித்த பாஸ்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். பல தொகுதிகளில் ரெண்டு இயங்குதளம் இருந்தது: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ்.

எங்க தெருவில் ஒரு பெண், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, ஆன் பண்ணா ரெண்டு வரி வருது, எதை அமுக்கணும்னு தெரியல. அந்த பாஸ் எதுக்கு? எடம்தான் அடைக்குது. எடுத்துடுங்கண்ணா."

எடுத்துவிட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பகுதியைச் சேர்த்து ஒரே டிரைவாக்கி, அவள் கேட்ட படங்களையும் பென்டிரைவிலிருந்து ஏற்றிக் கொடுத்தேன். அந்த வருஷம் மட்டும் அப்படி ஏழெட்டு லேப்டாப். ஊரில் சர்வீஸ் கடைகளில் இதுக்கு ஒரு ரேட்டே இருந்தது.

ரெண்டு வருஷம் கழித்து அவள் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். லேபில் லினக்ஸில்தான் சி நிரல் எழுதணும். வீட்டில் பழகிப் பார்க்க வழியில்லை. "நம்ம லேப்டாப்லயே இது இருந்துச்சாமே அண்ணா" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அவளுக்காக நான் ஒரு மதிப்புரை எழுதி, தீர்ப்பும் சொல்லி, அதை நிறைவேற்றியும் விட்டிருந்தேன்.

இத்தனைக்கும் பக்கத்திலிருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் சுவர்ப்படத்தைக்கூட மாற்ற முடியாது. அதற்குக் குறை சொல்லி அந்தப் பிள்ளைகள் யாரும் என்னிடம் வந்ததில்லை. தெரிந்த ஒன்றின் குறை பழகிப்போகும். தெரியாத ஒன்றில் ஒரு குறை கண்ணில் பட்டாலே போதும், அது கருவியின் லட்சணமாகிவிடும்.

இங்கே கேரளத்தைப் பார்க்கணும். அங்கே ஐடி@ஸ்கூல் திட்டத்தில் 2000-களின் நடுவிலிருந்தே பள்ளிகள் டெபியன் வழி வந்த லினக்ஸுக்கு மாறின. ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தை அந்த மென்பொருளை வைத்து எழுதினார்கள். பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வும் அதிலேயே. அங்கேயும் அதே டெபியன், இங்கேயும் அதே டெபியன். அங்கே பாடமானது, இங்கே இடத்தை அடைக்கும் பொருளானது. இங்கே குறை இயங்குதளத்தில் இருந்ததா, அதைக் கொடுத்துவிட்டுப் போன விதத்தில் இருந்ததா?

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்த நேரத்தில் தமிழக அரசு தன் துறைகளிடம் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொல்லி அறிவுறுத்தியது. ஏழு வருஷமாகக் கேலிக்குள்ளான பொருள், வேற வழி அடைபட்ட அன்றைக்குக் கையிருப்பில் இருந்தது. ஒரு நாட்டுக்கு மாற்று இயங்குதளம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட எளிய பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆகாஷ்: 366 மெகாஹெர்ட்ஸ் கேலி

2011 அக்டோபர் 5. டெல்லியில் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். செய்தது டேட்டாவிண்ட் நிறுவனம், திட்டத்தைக் கவனித்தது ராஜஸ்தான் ஐஐடி. அரசு வாங்கிய விலை சுமார் 2,250 ரூபாய். மாணவருக்கு அதில் பாதி. அதே வருஷம் இந்தியாவில் ஐபேட் 2-வின் தொடக்க விலை 29,500 ரூபாய். அதாவது ஒரு ஐபேட் விலையில் 13 ஆகாஷ்.

உள்ளே 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், 2 ஜிபி சேமிப்பு, ஏழு அங்குலத் திரை. விரல் பட்டால் போதாது, அழுத்தணும். பேட்டரி மூணு மணி நேரத்துக்கும் திணறும். இயங்குதளம் ஆண்ட்ராய்டு 2.2, அப்போதே ஒன்றரை வருஷம் பழசு. கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் கிடையாது.

மதிப்புரைகள் கிழித்துவிட்டன. திரையை அமுக்கி அமுக்கி விரல் வலிக்குது, வீடியோ திக்குது, சூடாகுது. எல்லாம் உண்மை. ஒரு நண்பர் வாங்கிவந்த அதன் வணிகப் பதிப்பை நானும் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்தை நகர்த்துவதற்குள் டீ ஆறிவிடும்.

ஆனால் ரெண்டு விஷயம் சொல்லணும்.

முதல் விஷயம், மதிப்புரைகள் தவறவிட்ட குறை. அன்றைய ஆண்ட்ராய்டு 2.2-ல் இந்திய மொழி எழுத்துகள் ஒழுங்காகத் தெரியாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அரசுப் பள்ளி, கல்லூரி மாணவருக்கான கருவியில் இதைவிடப் பெரிய ஓட்டை என்ன இருக்க முடியும்? நான் படித்த மதிப்புரைகள் மெகாஹெர்ட்ஸை எண்ணின, திரையின் புள்ளிகளை எண்ணின. இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கடுமையாக எழுதினார்கள், ஆனால் அந்த மாணவர் இடத்தில் உட்கார்ந்து எழுதவில்லை.

இரண்டாவது, அடுத்த பதிப்பு. 2012 நவம்பர் 11-ல் ஆகாஷ் 2 வந்தது. விலை கிட்டத்தட்ட அதே. செயலி 1 கிகாஹெர்ட்ஸ், நினைவகம் 512 எம்பி, விரல் பட்டாலே போதுமான திரை, ஆண்ட்ராய்டு 4.0. பதின்மூணு மாதத்தில், விலை ஏறாமல். இப்போது பொறுப்பு மும்பை ஐஐடிக்கு மாறியிருந்தது. பேராசிரியர்கள் தீபக் பாடக், கண்ணன் மௌத்கல்யா போன்றோர் அதில் சி, பைத்தான், சைலாப் எல்லாம் ஓடும்படி செய்தார்கள். அதில் லினக்ஸையே ஓட்டிக் காட்டினார்கள். பாடம் பார்க்கிற பலகை, நிரல் எழுதுகிற பலகையானது. அதே மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைத்தன, இன்றும் கிடைக்கின்றன.

இந்தப் பதிப்புக்கு முதல் பதிப்பின் பாதி அளவுகூடக் கவனம் கிடைக்கவில்லை. கிடைத்த கவனமும், முதலில் வந்த சில ஆயிரம் கருவிகள் சீனாவில் கோர்க்கப்பட்டவை என்ற சர்ச்சைக்குப் போனது. அது நியாயமான கேள்விதான், ஏன்னா 'இந்திய டேப்லெட்' என்று மார்தட்டியது அவர்கள்தான். ஆனாலும் 'ஆகாஷ்' என்றால் இன்றைக்கும் ஜனங்கள் சொல்வது 2011-ன் அந்த விரல்வலிக் கருவியைத்தான். முதல் மதிப்புரை கல்வெட்டாகிவிடுகிறது. திருத்தம் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை.

திட்டம் நின்றுபோனது. இன்னொரு விளைவும் இருந்தது. 2012-க்கு முன் டேப்லெட் என்றால் பணக்காரப் பொருள். ஆகாஷ் பேச்சுக்குப் பிறகு 2012 ஏப்ரலில் மைக்ரோமேக்ஸ் 6,499 ரூபாய்க்கு ஒரு டேப்லெட் கொண்டுவந்தது, மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். எல்லாம் ஆகாஷால்தான் என்று சொல்ல மாட்டேன். சீனத்துச் சில்லுகள் மலிந்ததும் காரணம். ஆனால் 'இந்த விலைக்குக் கேட்க ஆள் இருக்கு' என்று லட்சக்கணக்கான முன்பதிவுகளால் காட்டியது ஆகாஷ்தான்.

விமர்சகர்கள் சொன்னதில் சரியானவை

எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்கினால் என்னை நம்ப மாட்டீர்கள், நம்பவும் கூடாது.

மூணு திட்டத்திலும் ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடந்தது: பொருள் தயாராகும் முன்னே பெருமை தயாராகிவிட்டது. அமைச்சர் கையில் கருவி, பின்னாடி பதாகை, உலகத்திலேயே மலிவு என்ற முழக்கம். அந்த மேடைதான் விமர்சகருக்கு அளவுகோலைக் கொடுத்தது. 'உலகத்தரம்' என்று நீங்களே சொன்னால், ஐபேடோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, பழுது பார்க்க ஆள் இல்லை. ஆகாஷ் திரை உடைந்தால் செங்கல்பட்டில் எங்கே கொடுப்பது? பாஸில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் யாரைக் கேட்பது? நோக்கியா போன் ஜெயித்ததுக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு அதைத் திறந்து மூடத் தெரிந்த பையன் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம்.

மூணாவது, ஏற்பவர்கள் எதைச் சோதிப்பது என்றே உடன்படவில்லை. ஆகாஷ் விஷயத்தில் நிறுவனமும் ராஜஸ்தான் ஐஐடியும் சோதனைத் தரம் பற்றி வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். மழை, அதிர்ச்சி தாங்கும் அளவுக்கு இராணுவத் தரத்தில் கேட்கிறார்கள் என்று நிறுவனம் குறைப்பட்டது. 2,250 ரூபாய்ப் பொருளை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை டெண்டருக்கு முன்னாடியே முடிவு செய்திருக்க வேண்டும்.

கடற்கரையில் ஒரு சோதனை

அப்படியானால் எப்படித்தான் மதிப்பிடுவது? ஒரு பழைய உதாரணம். 1998-லிருந்து புதுச்சேரி வட்டாரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களை நடத்தியது. வீராம்பட்டினம் மீனவர் குப்பத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியோ சாதாரணக் கணினி. கடைசி இணைப்பு கோயில் திருவிழாவில் கட்டுகிற அதே ஸ்பீக்கர். அழகுக்கு யாரும் மார்க் போட்டிருக்க மாட்டார்கள். கட்டுமரத்தில் போகிறவருக்கு அது விடியலில் தேவையான சேதியைச் சொன்னது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கரையோரம் நடந்தால் இன்றைக்கு ஃபைபர் படகுகளில் ஜிபிஎஸ் கருவியைப் பார்க்கலாம். உப்புக் காற்று தாங்குமா, வெயிலில் திரை தெரியுமா, ஈரக்கையால் அமுக்கினால் வேலை செய்யுமா, வலை போட்ட இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுமா. அவர்கள் பார்ப்பது இந்த நாலும்தான். எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வல்லத்திலிருந்து மாமல்லபுரம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் வல்லம் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை. அவனுக்குக் கீழிருந்த கந்தசேனன் என்பவன் குடைவித்தது. தூண்கள் தடிமனாக இருக்கும், மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. நுணுக்கம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அதே சாலையில் தொடர்ந்து போனால் ஒரு மணி நேரத்துக்குள் மாமல்லபுரம். ஐந்து ரதங்கள், அதில் பலவும் முடியாமல் நிற்பவை. கொஞ்சம் தள்ளி ராஜசிம்மனின் கடற்கரைக் கோயில், குடையாமல் கல்லை அடுக்கிக் கட்டியது.

வல்லத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருஷம். வல்லத்தை மட்டும் பார்த்து, "கல்லில் கோயில் நமக்கு வராது, மரத்தையும் செங்கல்லையுமே வைத்துக்கொள்வோம்" என்று அந்தத் தலைமுறை முடிவு செய்திருந்தால் மிச்சம் நடந்திருக்காது. ஆனால் ஒன்று, பல்லவர்கள் வல்லத்தோடு நிறுத்தவுமில்லை. அதே சிற்பி மரபுக்கு அடுத்த வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. நம்ம கருவிகளுக்கு அது கிடைக்கவில்லை. சிம்ப்யூட்டர் குழு கலைந்தது, ஆகாஷ் நின்றது. பாஸ் மட்டும் பதிப்பு மேல் பதிப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தமில்லாமல்.

மறுபடி பார்ஓஎஸ்

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். பார்ஓஎஸ் ஆண்ட்ராய்டின் திறந்தமூலப் பகுதியை அடிப்படையாகக் கொண்டதுதான். அமேசானின் ஃபயர் டேப்லெட்டும் அப்படித்தான். தனியுரிமைக்காகப் பெயர் வாங்கிய கிராஃபீன்ஓஎஸும் அப்படித்தான். அதனால் 'இது ஆண்ட்ராய்டுதானே' என்பது தகவல், குறை ஆகாது. அதில் திணித்த செயலிகள் இல்லை, எதைப் போடுவது என்பதை அமைப்புகளே தங்கள் தனிக் கடை வழியாகத் தீர்மானிக்கலாம் என்றார்கள். அறிவிப்பு வந்தது, இந்தியாவில் ஆண்ட்ராய்டு சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக கூகுளுக்குப் போட்டி ஆணையம் 1,337 கோடி ரூபாய் அபராதம் விதித்த மூணு மாதத்துக்குப் பிறகு. அந்தச் சூழலில் இந்த முயற்சிக்கு அர்த்தம் இருக்கிறது.

கேட்க வேண்டிய கடுமையான கேள்விகள் வேற. மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைப்பார்களா? பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை நாளில் வரும், எத்தனை வருஷம் வரும்? எந்தெந்தப் போனில் ஓடும்? சாதாரண ஆள் போட முடியுமா? கெட்டால் யார் பார்ப்பார்கள்? இதுக்குப் பதில் வராவிட்டால் நானே எதிர்த்து எழுதுவேன்.

சென்னை ஐஐடியின் இன்னொரு வளாகம் இப்போது நம்ம மாவட்டத்திலேயே, தையூரில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்தும் நாளைக்கு ஏதாவது ஒன்று வரும். முதல் பதிப்பு அநேகமாகத் திணறும். அது வரும்போது நான் செய்யப்போவது இதுதான்: முதலில் தமிழ் தெரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு அது யாருக்காகச் செய்ததோ அவர் கையில் கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்பேன். அதுவரைக்கும் யார் லேப்டாப்பிலிருந்தும் எதையும் அழிக்க மாட்டேன்.